குறைந்த செலவில் நல்ல போர்ட் ஒயின்: எந்தப் பாட்டிலை எடுப்பது?

கேள்வி, நவம்பர் 8

போர்ச்சுகலின் இனிப்பு ஒயினான போர்ட்டில் ஒரே ஒரு பாட்டிலுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது. கடைத் தட்டில் வயது குறைந்த சிவப்பு ரூபி, டானி, ஒரே ஆண்டு அறுவடையான விண்டேஜ், தாமதமாகப் பாட்டிலுக்கு வரும் எல்.பி.வி. (லேட் பாட்டில்டு விண்டேஜ்) என்று வரிசையாக நிற்கின்றன. வீட்டில் குடிப்பவன் நான் ஒருவன்தான். அதுவும் இரவில் ஒரு சின்னக் கோப்பை. விண்டேஜைத் தவிர மற்றதெல்லாம் சமையலுக்குத்தான் லாயக்கு என்கிறார் நண்பர் ஒருவர். உண்மையா?

நவம்பர் 8, இரவு 10 மணி

நண்பர் தன் காசில் வாங்கித் தருவதானால் உண்மை. உங்கள் காசு என்றால் காது கொடுக்க வேண்டாம்.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: குடிப்பவர் ஒருவர், ஒரு சின்னக் கோப்பை. விண்டேஜ் போர்ட்டைத் திறந்தால் இரண்டு மூன்று நாளில் மணம் இறங்கிவிடும். 750 மில்லி பாட்டிலில் பாதிக்கு மேல் உயிரற்ற இனிப்பு நீராகத்தான் உங்களுக்குக் கிடைக்கும். லேபிளில் பத்து ஆண்டு என்று போட்ட டானி அப்படியில்லை. திறந்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒன்றிரண்டு மாதம் தாங்கும்.

டானி வளர்வது பீப்பாயில். மரத்தின் வழியே சிறிது சிறிதாக உள்ளே வரும் காற்றோடு ஆண்டுக்கணக்கில் பழகிய சரக்கு அது. பாட்டிலைத் திறந்ததும் படும் காற்று அதற்குப் புதிதல்ல. விண்டேஜ் அறுவடைக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பாட்டிலுக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு பல்லாண்டு காலம் காற்றுப் படாமல் இருட்டில் கிடக்கிறது. திறந்ததும் அழகாக மலரும், வேகமாக வாடும்.

ஆகவே விலைச்சீட்டைப் பார்க்கும்போது முழுப் பாட்டிலையும் கணக்கில் எடுக்காதீர்கள். கெடுவதற்குள் உங்களால் குடிக்க முடிந்த கோப்பைகளால் விலையை வகுத்துப் பாருங்கள். தனியாகக் குடிப்பவருக்குப் பத்து ஆண்டு டானி. ஐந்தாறு பேர் ஒரே இரவில் முடிப்பதானால் வடிகட்டாத எல்.பி.வி.

நவம்பர் 8, அதற்குச் சற்றுப் பிறகு

தூங்கப் போவதற்கு முன் ஒன்று. "டானி" என்று மட்டும் எழுதி, ஆண்டுக் கணக்கு எதுவும் போடாமல் ரூபியின் விலைக்கே ஒரு பாட்டில் நிற்கும். அதை எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது பீப்பாயில் கிடந்து நிறம் வெளுத்ததே அல்ல. ரூபியின் வயதுதான் இருக்கும். நிறம் குறைந்த திராட்சையிலிருந்து எடுத்தது, அல்லது வெள்ளைப் போர்ட் கலந்து நிறம் இறக்கியது. சட்டப்படி குற்றமில்லை. ஆனால் பத்து ஆண்டு டானியில் வரும் வாதுமை, உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல் மணத்தை அதில் தேடினால் கிடைக்காது. அந்த விலைக்கு நேர்மையான ரூபியே மேல்.

நவம்பர் 9

"இவ்வளவு இனிப்பாக இருக்கும் ஒயினில் எப்படி 20 சதவீதம் ஆல்கஹால்? சர்க்கரை கலக்கிறார்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கலப்பதில்லை. போர்ச்சுகலின் டோரூ பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையை மிதித்து அல்லது பிழிந்து நொதிக்க விடுகிறார்கள். சர்க்கரையில் ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாக மாறும் கட்டத்தில், 77 சதவீதம் ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தை ஊற்றுகிறார்கள். ஈஸ்ட் செத்துவிடுகிறது, மிச்சச் சர்க்கரை அப்படியே நின்றுவிடுகிறது. மரபான கணக்கு 435 லிட்டர் ஒயினுக்கு 115 லிட்டர் சாராயம். இரண்டும் சேர்ந்து 550 லிட்டர், அதாவது ஒரு பீப்பாய். இறுதியில் ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம் வரை இருக்கும், சர்க்கரை லிட்டருக்கு 100 கிராம் அளவில்.

பட்ஜெட்காரர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ரூபிக்கும் விண்டேஜுக்கும் செய்முறையின் தொடக்கம் ஒன்றுதான். எந்தத் தோட்டத்துப் பழம், எங்கே எத்தனை காலம் கிடந்தது, வடிகட்டினார்களா இல்லையா என்பதில்தான் விலை ஏறுகிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்; எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

நவம்பர் 11

எல்.பி.வி. பற்றி விரிவாக எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அதுதான் ஆசை.

விண்டேஜைப் போல இதுவும் ஒரே ஆண்டின் அறுவடை. ஆனால் நான்கு முதல் ஆறு ஆண்டுகள் வரை பெரிய மரத்தொட்டியிலோ பீப்பாயிலோ இருந்துவிட்டுப் பாட்டிலுக்கு வருகிறது. விண்டேஜ் பாட்டிலுக்குள் மெதுவாகச் செய்யும் வேலையில் ஒரு பகுதியை இது மரத்திலேயே முடித்துவிடுகிறது. அதனால் வாங்கிய அன்றே குடிக்கலாம். விலையும் விண்டேஜுக்குப் பக்கத்தில் கூட வராது.

இதில் இரண்டு சாதி. ஒன்று வடிகட்டி அடைத்தது. டெய்லர்ஸ் நிறுவனம் 1970இல் சந்தைக்குக் கொண்டுவந்த வழி இது. இன்று தட்டில் பெரும்பான்மை இதுதான். கையால் திருகி எடுக்கும் தொப்பி வைத்த தக்கை, வண்டல் கிடையாது, அப்படியே ஊற்றலாம். மற்றது வடிகட்டாதது. முழுத் தக்கை, திருகாணி வேண்டும். லேபிளில் "வடிகட்டாதது" என்றோ, பாட்டிலில் முதிர்ந்தது என்றோ இருக்கும். பாட்டிலில் முதிர்ந்தது என்று போட வேண்டுமானால், அடைத்த பிறகு குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருந்துதான் விற்க முடியும்.

விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. குடித்தால் நிறையவே உண்டு. கின்டா டோ நோவல், நீபோர்ட், ஸ்மித் உட்ஹவுஸ் ஆகிய பெயர்களில் வடிகட்டாத எல்.பி.வி. கண்ணில் பட்டால் நான் யோசிப்பதில்லை.

வேலை கொஞ்சம் இருக்கிறது. முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். தக்கையை ஆட்டாமல் எடுத்து, பாட்டிலின் கழுத்துக்குக் கீழே ஒரு கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக் குடுவையில் ஒரே சீராகச் சாய்த்து ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் அடியில் இருப்பது கலங்கிவிடும். முக்கால்வாசிக்கு மேல் தெளிவாக ஓடும். பிறகு தோள் வளைவில் கருஊதா நிறத்தில் ஒரு நூல் நெளிந்து வரும். அதற்குப் பின்னால் காப்பித்தூள் போன்ற வண்டல் வழுக்கிக்கொண்டு வரும். நூல் கண்ணில் பட்டதும் கையை நிறுத்துங்கள். அடியில் நிற்பது ஒரு கோப்பை இருக்கும். அதைக் கொட்டவும் வேண்டாம், மெல்லிய துணியில் வடித்தால் சாஸுக்கு ஆகும்.

நவம்பர் 11, மறுபடியும்

திறந்த எல்.பி.வி. எத்தனை நாள்? வடிகட்டியது ஃபிரிட்ஜில் ஒரு வாரம், பத்து நாள். வடிகட்டாதது நான்கைந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாம் நாள் கோப்பையைத்தான் அதிகம் விரும்புகிறேன்; முதல் நாளின் முரட்டுத்தனம் அடங்கியிருக்கும்.

நவம்பர் 15

டானி லேபிளில் உள்ள 10, 20, 30, 40 ஆகிய எண்களை வைத்து இங்கே ஒரு சண்டை ஓடுகிறது. "பத்து என்றால் உள்ளே இருப்பதெல்லாம் குறைந்தது பத்து வயது" என்கிறார் ஒருவர். "சராசரி" என்கிறார் மற்றவர்.

இரண்டும் முழுச் சரியில்லை. பத்து ஆண்டு டானி என்பது பல வயது ஒயின்களின் கலவை. எட்டும் இருக்கும், பதினைந்தும் இருக்கும். டோரூ, போர்ட் ஒயின் கழகத்தின் சுவைக் குழு அதைக் குடித்துப் பார்த்து, பத்து ஆண்டு டானிக்குரிய குணம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எண் குறிப்பது அந்தக் குணத்தை. ஆகவே ஒரே எண் போட்ட இரண்டு நிறுவனத்துச் சரக்கு இரண்டு மாதிரி இருக்கும். ஒன்று சிவப்புச் சாயலோடு, பழவாடை இன்னும் விடாமல். இன்னொன்று தேன் நிறத்தில், வறுத்த வாதுமை மணத்தோடு. கிரஹாம்ஸ் முதல் வகைக்குக் கொஞ்சம் கிட்டே நிற்பதாக என் நாக்குச் சொல்கிறது. உங்கள் நாக்கு வேறு சொல்லலாம்.

ஒரே ஆண்டு அறுவடையிலிருந்து மட்டும் எடுத்த டானி வேண்டுமானால் அதற்குக் கொல்யெய்டா என்று பெயர். குறைந்தது ஏழு ஆண்டு மரத்தில் இருக்க வேண்டும். பிறந்த ஆண்டு, திருமண ஆண்டு போட்ட பாட்டில் பரிசாகத் தேடுகிறவர்கள் விண்டேஜ் பக்கம் ஓடுவதற்கு முன் இங்கே பாருங்கள். பழைய ஆண்டு கொல்யெய்டா, அதே ஆண்டு விண்டேஜைவிடப் பல நேரம் மலிவு. திறந்த பிறகும் தாங்கும்.

நவம்பர் 16

காற்றை உறிஞ்சும் பம்பு வாங்கலாமா என்று கேட்டவருக்கு: அந்தக் காசை அடுத்த பாட்டிலில் போடுங்கள். காலியான சின்னப் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, திறந்த அன்றே பாதியை அதில் விளிம்புவரை ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் போதும்.

நவம்பர் 23

"எல்.பி.வி.கூட எனக்கு எட்டாது, அதற்குக் கீழே என்ன இருக்கிறது?" நல்ல கேள்வி. இழை முழுக்க நாங்கள் மேல்தட்டிலேயே நின்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ரிசர்வ் என்று போட்ட ரூபி. சாதாரண ரூபிக்கு ஒரு படி மேலே, எல்.பி.வி.க்கு அரைப் படி கீழே. பல ஆண்டு அறுவடைகளின் கலவை என்பதால் லேபிளில் ஆண்டு இருக்காது. ஃபொன்சேகாவின் "பின் 27", கிரஹாம்ஸின் "சிக்ஸ் கிரேப்ஸ்", சாண்ட்மேனின் "ஃபவுண்டர்ஸ் ரிசர்வ்" எல்லாம் இந்த வகை. இவற்றின் பெருமை ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரி இருப்பதில்தான். நான் விலை குறைந்த எல்.பி.வி.யையும் நல்ல ரிசர்வையும் அருகருகே வைத்துக் குடித்தபோது, ரிசர்வ் பக்கம்தான் கை திரும்பத் திரும்பப் போனது. லேபிளில் ஆண்டு அச்சிட்டிருப்பதாலேயே பாட்டில் உயர்ந்துவிடாது.

ரிசர்வ் டானி என்று ஒன்று உண்டு. ஆறேழு ஆண்டு மரத்தில் இருந்தது. பத்து ஆண்டுக்குக் காசு போதாதபோது இது. சாதாரண டானியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இதற்கும் கீழே போனால் சாதாரண ரூபி. அதைக் குளிரவைத்துக் குடிக்கலாம், சாஸில் ஊற்றலாம். வெள்ளைப் போர்ட்டையும் மறக்க வேண்டாம். ஒரு பங்கு வெள்ளை, இரண்டு பங்கு டானிக் தண்ணீர், பனிக்கட்டி, எலுமிச்சைத் துண்டு. மலிவு வெள்ளைக்கு இதைவிடக் கௌரவமான முடிவு கிடையாது. உயர்ந்த வெள்ளையை இப்படிச் செய்கிறவர்களோடு நான் பேசுவதில்லை.

நவம்பர் 30

விண்டேஜ் கட்சிக்காரர் கோபமாக எழுதியிருக்கிறார். 1963, 1977, 1994, 2011 என்று ஆண்டுகளை அடுக்கி, "இவற்றைக் குடிக்காதவருக்குப் போர்ட் பற்றிப் பேச என்ன தகுதி" என்கிறார். 1994ஐ ஒரு விருந்தில் குடித்திருக்கிறேன், அவர் சொல்வதில் ஒரு சொல்லும் மிகையில்லை. ஆனால் இழையின் தலைப்பை அவர் ஒரு முறை படிக்க வேண்டும்.

அவர் சொன்னதிலிருந்து பட்ஜெட்காரர்களுக்கு உதவும் ஒரு வழி மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெரிய நிறுவனங்கள் எல்லா ஆண்டும் விண்டேஜ் வெளியிடுவதாக அறிவிப்பதில்லை. பத்தாண்டில் மூன்று முறை என்பதுதான் பொதுவான வழக்கம். 2016, 2017 என்று அடுத்தடுத்துப் பலர் அறிவித்தது அபூர்வம். அறிவிக்காத நல்ல ஆண்டுகளில், வழக்கமாக விண்டேஜ் கலவைக்கு முதுகெலும்பாக நிற்கும் தோட்டத்தின் பழம் தனியே பாட்டிலாகிறது. டெய்லர்ஸுக்கு வர்கெல்லாஸ், கிரஹாம்ஸுக்கு மல்வேடோஸ், டவ்ஸுக்கு பொம்ஃபிம். இவை ஒற்றைத் தோட்ட விண்டேஜ்கள். அறிவித்த ஆண்டின் விண்டேஜைவிட விலை தெளிவாகக் குறைவு, சீக்கிரமே குடிக்கத் தயாராகிவிடும். சில நிறுவனங்கள் இவற்றைத் தாங்களே பத்தாண்டு அளவில் வைத்திருந்து விற்பதும் உண்டு. காத்திருக்கும் வேலையை அவர்கள் செய்துவிடுகிறார்கள்.

அறிவித்த ஆண்டு விண்டேஜை இளமையில் வாங்குவதுதான் பட்ஜெட்டுக்குக் கொள்ளி. இருபது ஆண்டு படுக்க வைக்கக் குளிர்ந்த இருட்டு இடம் வேண்டும், பொறுமை வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் வாங்கிய மறு ஆண்டே பொறுக்க முடியாமல் திறந்து, "என்ன இது, நாக்கைப் பிடிக்கிறது" என்பார்கள்.

டிசம்பர் 1

கிரஸ்டட் என்ற வகையை யாரும் சொல்லவில்லை. பல ஆண்டுகளின் கலவை, வடிகட்டாமல் அடைத்தது, பாட்டிலில் மூன்று ஆண்டு இருந்த பிறகே விற்பனை. கிடைப்பது அரிது. கிடைத்தால் ஏழையின் விண்டேஜ் இதுதான்.

டிசம்பர் 7

கடையில் நிற்கும்போது என்ன பார்ப்பது என்று கேட்டவருக்கு.

கழுத்தில் ஒட்டிய முத்திரைச் சீட்டு, எண்ணோடு. அது நான் முன்பு சொன்ன டோரூ, போர்ட் ஒயின் கழகத்தின் உத்தரவாதம். டோரூவில் விளைந்ததுதான், சோதித்ததுதான் என்று பொருள். டோரூவின் எல்லையை வரையறுக்கும் வேலையை, பின்னாளில் பொம்பால் பிரபு ஆன போர்ச்சுகல் அமைச்சர் 1756இலேயே தொடங்கிவிட்டார்; பிறகு எல்லைக் கல்லும் நட்டார்கள். மலிவுச் சரக்கைக் கலந்து பெயரைக் கெடுத்தவர்களை அடக்கத்தான் அது. அமெரிக்காவில் விளைந்ததையும் சிலர் போர்ட் என்ற பெயரிலேயே விற்கிறார்கள். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா நாட்டார் இப்போது வேறு பெயர் போடுகிறார்கள். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் இந்த இழையில் நான் சொன்ன ரிசர்வ், எல்.பி.வி., பத்து ஆண்டு என்ற கணக்குகளை அந்த லேபிள்களில் நம்பக் கூடாது.

அடுத்தது பின் லேபிள். ஆண்டுக் கணக்குப் போட்ட டானியிலும் கொல்யெய்டாவிலும் பாட்டிலில் அடைத்த ஆண்டு இருக்கும். டானி பாட்டிலுக்குள் வளராது. அடைத்து எட்டாண்டு ஆன பத்து ஆண்டு டானி பதினெட்டு ஆண்டு டானி ஆகிவிடாது. சோர்ந்துபோன பத்து ஆண்டு டானிதான். புதிதாக அடைத்ததை எடுங்கள். வடிகட்டாத எல்.பி.வி.க்கு மட்டும் இது தலைகீழ், பழசானாலும் நல்லது.

மூன்றாவது, பாட்டில் எங்கே நின்றது. ஒருமுறை கண்ணாடி சன்னலை ஒட்டிய தட்டிலிருந்து தள்ளுபடியில் ஒரு டானி எடுத்தேன். முன் லேபிளின் சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது, பின் லேபிள் புதுசு. தொப்பித் தக்கையைத் திருகினால் பாதி உள்ளேயே நின்றுவிட்டது. உள்ளே இருந்தது வெந்த சர்க்கரைப் பாகு. முன் லேபிளும் பின் லேபிளும் இரு நிறமாக இருந்தால் அந்தப் பாட்டில் வெயிலில் நின்றது என்று தெரிந்துகொள்ளுங்கள். தள்ளுபடி எவ்வளவு பெரிதானாலும் நடையைக் கட்டுங்கள்.

டிசம்பர் 8

"ஒன்றிரண்டு மாதம் தாங்கும் என்றீர்களே, என் டானி மூன்றாம் வாரமே மந்தமாகிவிட்டது" என்று ஒரு புகார். ஃபிரிட்ஜிலா வைத்தீர்கள்? அடுப்புக்குப் பக்கத்து அலமாரி என்று தானே எழுதியிருக்கிறார். அலமாரி என்றால் மூன்று வாரம்தான். எத்தனை மிச்சம் என்பதும் முக்கியம்: முக்கால் பாட்டில் மெதுவாகக் கெடும், கால் பாட்டில் வேகமாக. கடைசிக் கால் பாட்டிலைத் தள்ளிப்போடாமல் முடித்துவிடுங்கள்.

டானியைக் குளிர்ந்தே குடிக்கலாம் என்பது கூடுதல் வசதி. 12 முதல் 14 டிகிரி. ரூபியும் எல்.பி.வி.யும் 16 முதல் 18. கோப்பையில் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டால் ஃபிரிட்ஜ் குளிர் போய்விடும். வெப்பத்தில் முதலில் மூக்கில் ஏறுவது சாராய நெடிதான். மலிவு போர்ட்டின் மேல் சொல்லப்படும் பாதிக் குற்றங்கள் சூடாக ஊற்றியதால் வந்தவை.

டிசம்பர் 20

உடன் என்ன சாப்பிடுவது என்று பேச்சு திரும்பியிருக்கிறது. நீல நரம்பு ஓடும் ஸ்டில்டன் சீஸுக்கு எல்.பி.வி. அதில் உள்ள உப்பு, போர்ட்டின் இனிப்பைக் கீழே இழுத்துப் பழத்தை மேலே கொண்டுவரும். டானிக்கு வறுத்த கொட்டைகள், கேரமல் போட்ட இனிப்புகள். கறுப்புச் சாக்லேட்டுக்கு ரிசர்வ் ரூபி. பால் சாக்லேட்டோடு எதையும் ஊற்றாதீர்கள், இரண்டும் சேர்ந்து திகட்டிவிடும்.

மேசையில் போர்ட்டை இடப்பக்கம் கைமாற்றுவது ஆங்கிலேயர் வழக்கம் என்று ஒருவர் எழுதினார். உண்மைதான். குடுவை யாரிடமாவது நின்றுவிட்டால் நேரே கேட்கக் கூடாது, "நாரிச் ஆயரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்க வேண்டுமாம். தெரியாது என்று சொல்லிக் குடுவையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறவருக்கு அடுத்த முறை அழைப்பு அனுப்ப வேண்டாம்.

ஜனவரி 4

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பத்து ஆண்டு டானி வாங்கி, ஆறு வாரத்தில் மெதுவாக முடித்தாராம். இப்போது அதே விலையில் இரண்டு யோசனை அவர் கையில்: இன்னொரு பத்து ஆண்டா, இல்லை இருபது ஆண்டு டானியின் 375 மில்லி அரைப் பாட்டிலா?

அரைப் பாட்டிலை எடுங்கள். இருபது ஆண்டில்தான் டானி தன் உச்சத்துக்கு வருகிறது என்பது என் கட்சி. பழமும் மிச்சமிருக்கும், மரமும் பேசும். முப்பதும் நாற்பதும் இன்னும் செறிவு, ஆனால் விலை தாண்டிக் குதிக்கும் அளவுக்குச் சுவை குதிப்பதில்லை. பீப்பாயில் ஆண்டுக்கு இரண்டு சதவீதம் அளவில் ஆவியாகப் போகிறது. முப்பது நாற்பது ஆண்டு அப்படிப் போனதற்கும் சேர்த்துத்தான் விலை.

அரைப் பாட்டிலில் மீண்டும் ஒரு நன்மை: உங்களைப் போல ஒரு கோப்பைக்காரருக்கு எல்.பி.வி.யும் அதில் கிடைத்தால் முதல் நாள் நான் போட்ட கணக்கே மாறிவிடும். நான்கு நாளில் தீரும், வடிகட்டாததும் தாங்கும். தட்டில் அரைப் பாட்டில் எல்.பி.வி. இருக்கிறதா என்று பார்த்து, பின் லேபிளையும் படித்துவிட்டு எழுதுங்கள்.